பங்கிடக் கேட்கும் வினா

நுழையும்முன்

ஓர் ஊரின் தேவை, ஒரு குடும்பத்தின் செலவு, ஒருவரின் நாள்பொழுது ஆகியவற்றை அறிய, மக்களிடம் கேட்பதே நேரிய வழி. அவ்வாறு கேட்கும் வினாக்களுள் ஒருவகை, விடையளிப்பவரிடம் ஒரு முழுமையைக் கொடுத்து, அதைப் பல கூறுகளுக்குப் பங்கிட்டுத் தருமாறு வேண்டுவதாகும். பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இவ்வினாவில் ஒரு கூறு விடுபட்டால், ஒருவரின் உழைப்பே கணக்கிலிருந்து மறைந்துவிடக்கூடும். இத்தகைய வினாவைப் பிழையின்றி வடிவமைக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தேவையும் வரிசையும் பங்கும்

பள்ளி நூலகத்திற்குப் புதிய நூல்கள் வாங்கத் தொகை ஒதுக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். கதை நூல்கள், அறிவியல் நூல்கள், போட்டித்தேர்வு நூல்கள், பருவ இதழ்கள் ஆகிய நான்கும் எந்த அளவிற்குத் தேவை என்று மாணவர்களிடம் தனித்தனியே கேட்டால், நான்கிற்கும் ‘மிகவும் தேவை’ என்றே பலர் குறிப்பர். ஒன்றைத் தேவை என்று சொல்வதற்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் அவ்வினாவில் இல்லை. ஆகவே, அந்த விடைகளைக் கொண்டு தொகையைப் பிரிக்க இயலாது.

நான்கையும் வரிசைப்படுத்தித் தருமாறு கேட்பது மற்றொரு வழி. முதலிடம் எதற்கு, கடைசியிடம் எதற்கு என்பது இதனால் தெரியவரும். ஆனால், முதலிடத்திற்கும் இரண்டாம் இடத்திற்கும் இடையே உள்ள தொலைவு தெரியாது. ஒரு மாணவி கதை நூல்களுக்கு 40, அறிவியல் நூல்களுக்கு 30, போட்டித்தேர்வு நூல்களுக்கு 20, இதழ்களுக்கு 10 எனப் பங்கிட விரும்புகிறார். மற்றொரு மாணவர் அதே வரிசையில் 91, 5, 3, 1 எனப் பங்கிட விரும்புகிறார். இருவரும் தரும் வரிசை ஒன்றே. இருவரும் விரும்பும் நூலகங்களோ வேறு வேறு.

இந்த வேறுபாட்டை வெளிக்கொணர்வது பங்கீட்டு வினா. ‘உங்களிடம் 100 புள்ளிகள் உள்ளன, அவற்றை இந்த நான்கிற்கும் பங்கிடுங்கள்’ என்று அது கேட்கும். ஒன்றிற்குக் கூடுதலாகக் கொடுத்தால் மற்றொன்றில் குறைந்தாக வேண்டும். 40 என்பது 20இன் இருமடங்கு என்பதால், விருப்பங்களுக்கு இடையேயான விகிதமும் கிடைக்கிறது. நூறு புள்ளிகளை இரு பொருள்களுக்கு இடையே பிரித்துத் தரச் செய்து, அவ்விகிதத்தைக் கொண்டு அளவுகோல் அமைக்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் ஆன்ட்ரூ காம்ரி 1950இல் முன்வைத்தார். இன்று சந்தை ஆய்வு, கல்வி ஆய்வு, பொதுக்கொள்கை ஆய்வு எனப் பல துறைகளில் இம்முறை பயன்படுகிறது.

எதில் நூறு?

பங்கீட்டு வினாவை எழுதத் தொடங்குபவர் முதலில் தெளிவுபடுத்த வேண்டியது ‘முழுமை’ எது என்பதாகும். ‘உணவுக்கு எத்தனை விழுக்காடு செலவிடுகிறீர்கள்?’ என்ற வினாவில் பல முழுமைகள் மறைந்துள்ளன. அது வருமானத்தில் பங்கா, மொத்தச் செலவில் பங்கா? ஒருவரின் செலவா, குடும்பத்தின் செலவா? கடந்த மாதமா, வழக்கமான மாதமா, திருவிழா வந்த மாதமா? ஒவ்வொருவரும் ஒவ்வொரு முழுமையை மனத்தில் கொண்டு விடையளித்தால், கிடைக்கும் எண்கள் ஒன்றோடொன்று ஒப்பிடத் தகுதியற்றவை.

வினாவின் நோக்கமும் தெளிவாக வேண்டும். ‘எப்படிப் பங்கிட வேண்டும்?’ என்பது விருப்பத்தைக் கேட்கிறது, ‘எப்படிப் பங்கிட்டீர்கள்?’ என்பது நடந்ததைக் கேட்கிறது. முன்னதற்கு விடையளிப்பவரின் மனமே சான்று. பின்னதற்கு அவருடைய நினைவு சான்றாகிறது, நினைவு தவறக்கூடியது. விருப்பத்தைக் கேட்க நூறு புள்ளி முறை பெரிதும் பொருந்தும். நடந்ததை அறிய அதே முறையைக் கையாளும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை.

பட்டியலில் இல்லாதது

பங்கீட்டு வினாவில் மிகுந்த ஆற்றல் உடையது கூறுகளின் பட்டியல். விடையளிப்பவர் தம் மனத்தில் உள்ளதை எல்லாம் எடுத்துப் பங்கிடுவதில்லை. கண்முன் உள்ள பட்டியலுக்கே பங்கிடுகிறார். இதனை 1978இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. பாருக் ஃபிஷ்ஹாஃப், பால் ஸ்லோவிக், சாரா லிக்டென்ஸ்டைன் ஆகிய மூவரும் அமெரிக்காவில் அவ்வாய்வை நடத்தினர்.

மகிழுந்து ஒன்று கிளம்ப மறுக்கிறது. அவ்வாறு மறுக்கும் ஒவ்வொரு நூறு முறையிலும், எத்தனை முறை மின்கலம் காரணமாக இருக்கும், எத்தனை முறை எரிபொருள் அமைப்பு காரணமாக இருக்கும், எத்தனை முறை பிற காரணங்கள் இருக்கும் எனப் பங்கிடுமாறு அவர்கள் கேட்டனர். ஒரு குழுவினருக்கு முழுப் பட்டியல் தரப்பட்டது. வேறு குழுவினருக்குச் சில முதன்மைக் காரணங்கள் நீக்கப்பட்ட பட்டியல் தரப்பட்டது. இரண்டிலும் ‘பிற அனைத்தும்’ என்ற கூறு இருந்தது. நீக்கப்பட்ட காரணங்களுக்கு உரிய பங்கு முழுவதும் ‘பிற அனைத்தும்’ என்பதில் சேர்ந்திருக்க வேண்டும். அவ்வாறு சேரவில்லை, அதில் ஒரு சிறு பகுதியே அங்குச் சென்றது. எஞ்சியதைப் பட்டியலில் இருந்த காரணங்களே பகிர்ந்துகொண்டன. மகிழுந்து பழுதுநீக்குவதில் தேர்ந்தவர்களிடமும் இக்குறை காணப்பட்டது.

இவ்வாய்விலிருந்து பெறும் பாடம் இரண்டு. ஒன்று, ‘பிற’ என்ற கூறு கட்டாயம் வேண்டும். இரண்டு, ‘பிற’ என்பதைச் சேர்த்துவிட்டதனால் பட்டியல் முழுமையாகிவிட்டது என்று எண்ணுதல் கூடாது. கண்ணில் படாத பொருள், ‘பிற’ என்ற சொல்லுக்குள் அழைத்தாலும் நினைவிற்கு வருவதில்லை.

பிரிப்பதும் சேர்ப்பதும் இவ்வாறே விடையை மாற்றும். ‘வீட்டுவேலை’ என ஒரே கூறாகக் கேட்டால் ஒரு பங்கு கிடைக்கும். சமைத்தல், பாத்திரம் துலக்குதல், தண்ணீர் பிடித்தல், துணி துவைத்தல், பெருக்குதல் எனத் தனித்தனியே கேட்டால், அவற்றின் கூட்டுத்தொகை முன்னதைவிடப் பெரும்பாலும் மிகுதியாக இருக்கும். ஒவ்வொரு பெயரும் ஒரு செயலை நினைவூட்டுகிறது. எனவே, பட்டியலில் ஒரு துறையை ஐந்தாகப் பிரித்து மற்றொரு துறையை ஒன்றாக விடுதல் நடுநிலையாகாது.

நல்ல பட்டியலுக்குரிய இயல்புகள் வருமாறு:

• கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது. ‘படிப்பு’, ‘கைப்பேசி’ என இரண்டும் பட்டியலில் இருந்தால், கைப்பேசியில் பாடம் படித்த நேரத்தை எங்குச் சேர்ப்பது என்ற குழப்பம் எழும்.

• எல்லாக் கூறுகளும் சேர்ந்து முழுமையை நிரப்ப வேண்டும்.

• கூறுகள் ஏறத்தாழ ஒரே அளவில் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும்.

• கூறுகள் மிகுந்தால் பங்கிடுவது கடினமாகும். பத்தையும் தாண்டினால், முதலில் பெரும்பிரிவுகளுக்கும் பின்னர் உட்பிரிவுகளுக்கும் எனப் படிப்படியாகக் கேட்பது நன்று.

• முதலில் படிக்கும் கூறு கூடுதல் கவனம் பெறுவது இயல்பு. ஆகவே, வெவ்வேறு படிவங்களில் கூறுகளின் வரிசையை மாற்றி அமைத்தல் வேண்டும். ‘பிற’ என்பது மட்டும் எப்போதும் இறுதியில் நிற்கும்.

இருவரின் பங்கு நூறைத் தாண்டும்போது

நடந்ததைப் பங்காகக் கேட்பதில் உள்ள இடர்ப்பாட்டை மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி ஆகியோர் கனடாவில் நடத்தி, 1979இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டுகிறது. மணமான இணையரிடம், காலை உணவு சமைத்தல், வீட்டைத் தூய்மை செய்தல், குழந்தைகளைக் கவனித்தல் முதலான இருபது செயல்களின் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் தம் பொறுப்பின் பங்கு எவ்வளவு என்று கணவரிடமும் மனைவியிடமும் தனித்தனியே கேட்டனர். இருவரும் சொன்ன பங்குகளைக் கூட்டியபோது, பெரும்பாலான இணையரின் கூட்டுத்தொகை முழுமையைத் தாண்டியது.

இது தற்பெருமையால் மட்டும் நிகழ்வதன்று. இருவருக்கும் இடையே சச்சரவு எழக் காரணமாதல் போன்ற, பெருமை தராத செயல்களும் அப்பட்டியலில் இருந்தன. அவற்றிலும் தம் பங்கையே மிகுதியாகக் கூறும் போக்குக் காணப்பட்டது. தாம் செய்தது ஒவ்வொருவருக்கும் எளிதில் நினைவிற்கு வருகிறது. பிறர் செய்தது அவ்வளவு எளிதில் வருவதில்லை. ஒருவர் பொய்யே சொல்லாதபோதும் பங்கு பிழையாகலாம் என்பதே இதன் பொருள்.

மேலும், மக்கள் தம் வாழ்க்கையை விழுக்காடுகளாக நினைவில் வைத்திருப்பதில்லை. எத்தனை குடம் தண்ணீர் எடுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், அரிசிக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதையே நினைவில் கொண்டுள்ளனர். விழுக்காட்டைக் கேட்கும்போது, நினைவுகூர்தல், கூட்டுதல், வகுத்தல் ஆகிய மூன்று பணிகளையும் விடையளிப்பவர் ஒரே நொடியில் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால்தான் விடைகள் 10, 25, 50 என்ற முழு எண்களிலேயே வந்து குவிகின்றன.

விழுக்காட்டைக் கேளாமல் பெறுதல்

இந்த இடர்ப்பாட்டைக் கடக்க ஒரு வழி உண்டு. பங்கைக் கேளாமல், பங்கை உருவாக்கும் செய்திகளைக் கேட்பது. வகுத்தலை ஆய்வாளரே செய்துகொள்வது. இந்தியாவின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு இவ்வழியில் அமைந்தது. அதில் ‘உணவுக்கு எத்தனை விழுக்காடு?’ என்ற வினா இடம்பெறுவதில்லை. பொருளின் தன்மைக்கு ஏற்ப, கடந்த 7 நாள், 30 நாள், 365 நாள் என வெவ்வேறு காலத்திற்குரிய அளவும் மதிப்பும் பொருள்வாரியாகக் கேட்கப்படுகின்றன. 2022 ஆகஸ்டு முதல் 2023 ஜூலை வரை நடைபெற்ற கணக்கெடுப்பின்படி, ஊரகக் குடும்பங்களின் நுகர்வுச் செலவில் உணவின் பங்கு ஏறத்தாழ 46 விழுக்காடு. நகர்ப்புறத்தில் ஏறத்தாழ 39 விழுக்காடு. இவ்விழுக்காடுகளை எந்தக் குடும்பமும் சொல்லவில்லை. குடும்பங்கள் சொன்ன செலவுகளிலிருந்து அவை கணக்கிடப்பட்டன.

நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் இவ்வழி மேலும் சிறப்பாக வெளிப்படுகிறது. செல்வமும் நிலமும் எல்லாருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. நாளொன்றுக்கு 1440 நிமிடங்கள் என்பது அனைவருக்கும் பொது. ஆகவே, நாள் என்பது இயற்கையே கொடுத்த மாறாத முழுமை. அதைப் பகிரும் முறையில்தான் மனிதருக்கு மனிதர் வேறுபாடு தோன்றுகிறது.

‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று கேட்டால், வைகறையில் எழுந்து இரவு வரை ஓயாத பெண் ஒருவர், ‘வேலை ஒன்றும் இல்லை, வீட்டில் சும்மா இருக்கிறேன்’ என்று விடையளிப்பதுண்டு. வேலை என்ற சொல்லுக்கு ஊதியம் தரும் பணி என்ற பொருளே அவர் மனத்தில் நிற்கிறது. அவ்விடை அப்படியே பதிவானால், அவருடைய உழைப்பு அனைத்தும் சுழியாகிவிடும். ‘நேற்று அதிகாலை 4 மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அதன்பின்?’ என்று கேட்டால் நிலைமை மாறுகிறது. ‘சும்மா’ என்ற சொல் மறைந்து, அடுப்பு மூட்டியதும் தண்ணீர் சுமந்ததும் குழந்தையைக் குளிப்பாட்டியதும் முதியவருக்கு மருந்து கொடுத்ததும் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன.

இம்முறையிலான கணக்கெடுப்பின் முன்னோட்டம் இந்தியாவில் 1998 ஜூலை முதல் 1999 ஜூன் வரை நடைபெற்றது. ஹரியானா, மத்தியப் பிரதேசம், குஜராத், ஒடிசா, மேகாலயா ஆகியவற்றுடன் தமிழ்நாடும் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு மாநிலங்களுள் ஒன்று. பின்னர், 2019 ஜனவரி முதல் டிசம்பர் வரை நாடு தழுவிய கணக்கெடுப்பைத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தியது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் செயல்கள், அதிகாலை 4 மணி தொடங்கி மறுநாள் அதிகாலை 4 மணி வரை, அரைமணிக் கூறுகளாகப் பதிவு செய்யப்பட்டன.

அக்கணக்கெடுப்பு காட்டிய பங்கீடு சிந்திக்கத்தக்கது. ஊதியமற்ற வீட்டுப்பணியில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். ஒரு நாளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அப்பெண்களின் வீட்டுப்பணிக்கே செல்கிறது என்பது இதனால் புலப்படுகிறது.

இங்கும் ‘எதில் நூறு?’ என்ற வினா திரும்ப எழுகிறது. 299, 97 என்பவை அப்பணியில் ஈடுபட்டோரின் சராசரி. குறிப்பிட்ட நாளில் அப்பணியில் ஈடுபட்ட பெண்கள் 81.2 விழுக்காட்டினர், ஆண்கள் 26.1 விழுக்காட்டினரே. ஈடுபடாதவரையும் சேர்த்து எல்லாருக்குமாகக் கணக்கிட்டால், பெண்களின் சராசரி ஏறத்தாழ 243 நிமிடங்களாகவும் ஆண்களின் சராசரி ஏறத்தாழ 25 நிமிடங்களாகவும் அமைகின்றன. முதல் கணக்கில் பெண்களின் நேரம் ஆண்களின் நேரத்தைப் போல் மூன்று மடங்கு; இரண்டாம் கணக்கில் ஏறத்தாழ பத்து மடங்கு. இரண்டும் உண்மையே. எவரை அடிப்படையாகக் கொண்டு கணக்கிட்டது என்பதைக் கூறாமல் எண்ணை மட்டும் கூறினால், படிப்பவர் உண்மையின் பாதியையே பெறுவார்.

கூட்டற்சுமையைக் குறைத்தல்

எல்லாவற்றையும் நாள்முழுதும் பதிவு செய்து அறிதல் இயலாது. காலமும் பொருளும் அதற்கு மிகுதியாகத் தேவை. விருப்பத்தையோ மதிப்பீட்டையோ கேட்கும் இடங்களில் நேரடியான பங்கீட்டு வினாவே உரியது. அவ்வாறு கேட்கும்போது விடையளிப்பவரின் கூட்டற்சுமையைக் குறைக்கச் சில வழிகள் உள்ளன.

கணினியிலோ கைப்பேசியிலோ வினாநிரல் அமைந்தால், இதுவரை பங்கிட்டது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்பதைத் திரையில் உடனுக்குடன் காட்டலாம். தாளில் அமைந்தால், இறுதியில் ‘மொத்தம் 100’ என அச்சிட்டு, கூட்டிச் சரிபார்க்க இடம் விடலாம். தொலைபேசியில் கேட்கும்போது பல கூறுகளை நினைவில் வைத்துப் பங்கிடுவது கடினம். அங்குக் கூறுகளின் எண்ணிக்கை மூன்று நான்கிற்குள் அமைய வேண்டும்.

நூறு என்பதே எப்போதும் ஏற்ற எண் அன்று. எழுத்தறிவோ விழுக்காட்டுப் பழக்கமோ இல்லாதவரிடம், எண்ணத்தக்க பொருள்களைக் கொடுத்துப் பங்கிடச் செய்யலாம். ஆப்பிரிக்க நாடான மலாவியில் நடைபெற்ற ஆய்வொன்றில், பத்து அவரை விதைகளைக் கொடுத்து, ஒரு நிகழ்வு நடக்கும் வாய்ப்பை விதைகளின் எண்ணிக்கையால் காட்டுமாறு கேட்டனர். அடலின் டெலவாண்டே, ஹான்ஸ்-பீட்டர் கோலர் ஆகியோர் 2009இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். விடையளித்தோர் பொருளறிந்தே விதைகளை வைத்தனர் என்பது அவ்வாய்வில் புலனாயிற்று. கேழ்வரகு, நெல், பருத்தி என மூன்று படங்களை வரைந்து, இருபது புளியங்கொட்டைகளைக் கொடுத்து, ‘உங்கள் நிலத்தில் எதற்கு எவ்வளவு இடம்?’ என்று கேட்பதும் இம்முறையின்பாற் படும். கொட்டைகளை நகர்த்தி நகர்த்தித் தம் விடையைத் திருத்திக்கொள்ள உழவருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. கூட்டுத்தொகை பிழையாக வழியே இல்லை. பத்துக் கொட்டைகளைக் கொடுத்தால் மிகச்சிறு பங்கு பத்து விழுக்காடாக நின்றுவிடும்; இருபது கொடுத்தால் அது ஐந்து விழுக்காடாகும். எவ்வளவு நுண்மை தேவை என்பதற்கேற்ப எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும்.

தமிழர் வழக்கில் பங்கைச் சுட்டும் சொற்கள் முன்பே நிறைந்துள்ளன. முக்கால், அரை, கால், அரைக்கால், வீசம் என்பன பின்னங்களைக் குறிக்கும். ‘முக்கால்வாசி நேரம் வயலில்தான்’, ‘கூலியில் பாதி மருந்துக்கே போகிறது’ எனப் பேச்சில் பங்குகள் இயல்பாக வெளிப்படுகின்றன. களப்பணியாளர் அச்சொற்களையே முதலில் ஏற்று, பின்னர் விதைகளாலோ புள்ளிகளாலோ உறுதிசெய்துகொள்வது நன்று. ஆனால், ‘முக்கால்வாசி’ என்பதைப் பலர் ‘பெரும்பாலும்’ என்ற பொருளிலும் வழங்குவதால், அதை உடனே 75 என எழுதிவிடக் கூடாது.

வினாவைச் செம்மைப்படுத்துதல்

முதல் வடிவம்: ‘உங்கள் நேரத்தில் படிப்பு, விளையாட்டு, கைப்பேசி ஆகியவற்றிற்கு எத்தனை விழுக்காடு செலவிடுகிறீர்கள்?’

இவ்வினாவில் முழுமை எது என்பது கூறப்படவில்லை. பள்ளி நேரமும் உறக்கமும் சேருமா என்பது தெரியவில்லை. எந்த நாள் என்பதும் இல்லை. படிப்பும் கைப்பேசியும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. வீட்டுவேலை, கடைவேலை, தம்பி தங்கையரைக் கவனித்தல், பயணம் ஆகியவற்றிற்கு இடமே இல்லை. மாலையில் சமையலில் உதவும் மாணவியும், தந்தையின் கடையில் நிற்கும் மாணவரும் தம் நாளை இதில் பதிவு செய்ய இயலாது.

திருந்திய வடிவம்: ‘நேற்று மாலை 4 மணி முதல் இரவு 10 மணி வரை உள்ள நேரம் 12 அரைமணிக் கட்டங்களாகக் கீழே தரப்பட்டுள்ளது. ஒவ்வொரு கட்டத்திலும் பெரும்பகுதி நேரம் என்ன செய்தீர்கள் என்பதை எழுதுக. பாடம் படித்தல், விளையாட்டு, பொழுதுபோக்கு, வீட்டுவேலை, குடும்பத்தினரைக் கவனித்தல், தொழிலில் உதவுதல், பயணம், உணவும் ஓய்வும், பிற (எது எனக் குறிப்பிடுக) ஆகியவற்றுள் ஒன்றாக அது அமையலாம். கைப்பேசியைப் பயன்படுத்திய கட்டங்களில் ஒரு குறியிடுக.’

இரண்டாம் வடிவத்தில் விழுக்காடு என்ற சொல்லே இல்லை. ஆயினும், 12 கட்டங்களில் வீட்டுவேலைக்கு 3 கட்டங்கள் எனில், அதன் பங்கு 25 விழுக்காடு என ஆய்வாளர் கணக்கிட்டுக்கொள்வார்.

விடைகளைக் கையாளுதல்

பங்கீட்டு வினாவின் விடைகளைத் தொகுக்கும்போதும் கவனம் தேவை. ஒருவர் 60, 40, 20 எனக் கொடுத்து, கூட்டுத்தொகை 120 ஆகிவிட்டால், விகிதம் மாறாமல் அவற்றை 50, 33.3, 16.7 எனச் சுருக்கிவிடலாம். இயலுமாயின் அதைவிடச் சிறந்தது, விடையளித்தவரிடமே திரும்பச் சென்று கேட்பது. மூன்றையும் சற்று மிகுத்துக் கூறினாரா, அல்லது ஒன்றில் மட்டும் தவறினாரா என்பதை அவரே அறிவார். வெற்றிடமும் சுழியும் ஒன்றல்ல. சுழி என்பது ‘இதற்குப் பங்கில்லை’ என்னும் விடை. வெற்றிடம் விடை தராமையாகவும் இருக்கலாம். ஆகவே, பங்கில்லாத இடத்தில் 0 என எழுதுமாறு முன்னரே அறிவுறுத்த வேண்டும்.

சராசரியை மட்டும் நம்புதல் கூடாது. நாற்பது மாணவருள் இருபதின்மர் போட்டித்தேர்வு நூல்களுக்கு 100 புள்ளிகளும், மற்ற இருபதின்மர் 0 புள்ளிகளும் கொடுத்தால், சராசரி 50 ஆகும். ஐம்பது வேண்டும் என்று கேட்டவர் அவர்களுள் ஒருவர்கூட இல்லை. விடைகள் எவ்வாறு பரவியுள்ளன என்பதையும் சேர்த்துக் காட்டுவதே முறை. மேலும், கூட்டுத்தொகை மாறாதது என்பதால், ஒரு கூறின் பங்கு குறைவதற்கு அதன் மதிப்புக் குறைந்தது மட்டுமே காரணமாகாது. மற்றொன்று உயர்ந்ததும் காரணமாகலாம். உணவின் பங்கு குறைந்தது என்பதனால் மக்கள் குறைவாக உண்டனர் என்று முடிவு செய்தல் பிழை. பிற செலவுகள் வளர்ந்திருக்கலாம்.

முன்னோட்டம்

எவ்வளவு சிந்தித்து எழுதிய வினாவையும் களத்தில் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும். ஆய்வுக்கு உட்படுவோரைப் போன்ற சிலரிடம் வினாவைக் கொடுத்து, அவர்கள் பங்கிடும்போது மனத்தில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லச் செய்வது பயன் தரும். ‘இதில் மாட்டுக்குத் தீவனம் வைத்ததை எங்கே போடுவது?’ என்று ஒருவர் கேட்டால், பட்டியலில் ஓர் இடைவெளி உள்ளது என்பது உடனே விளங்கும். ‘பிற’ என்ற கூறில் மிகுதியான புள்ளிகள் சேர்ந்தாலும், எவருமே அதைத் தொடாவிட்டாலும் பட்டியலை மீண்டும் ஆராய வேண்டும்.

பங்கீட்டு வினா எண்களைத் தரும். அவ்வெண்களைக் கொண்டே நூலகத்தில் நூல்கள் வாங்கப்படுகின்றன. நலத்திட்டங்களுக்குத் தொகை ஒதுக்கப்படுகிறது. எது உழைப்பு, எது உழைப்பன்று என்பது ஏட்டில் பதிவாகிறது. வினாவில் இடம்பெறாதவருக்கு விடையிலும் இடமில்லை; விடையில் இடம்பெறாதவருக்குத் திட்டத்திலும் இடம் கிடைப்பது அரிது. எனவே, பட்டியலை எழுதும் கை நூறு பங்குகளையும் மக்கள் பிரிக்கும் முன்பே, அவற்றுள் சிலவற்றைத் தானே பிரித்துவிடுகிறது என்பதை வினா எழுதுவோர் மறத்தல் கூடாது.

சொல்லும் பொருளும்

வினாநிரல் – ஆய்வுக்காகத் தொகுக்கப்பட்ட வினாக்களின் வரிசை. கூறு – பிரிவு. முன்னோட்டம் – முழு ஆய்வுக்கு முன் சிறிய அளவில் நடத்தும் சோதனை. வீசம் – பதினாறில் ஒரு பங்கு. அரைக்கால் – எட்டில் ஒரு பங்கு. வைகறை – விடியற்காலம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் நேற்றைய நாளை எவ்வாறு செலவிட்டனர் என்பதை அரைமணிக் கட்டங்களில் அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்க. ஊதியமற்ற வீட்டுப்பணியின் பங்கை ஒவ்வொருவருக்கும் கணக்கிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. வகுப்பை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரே பொருள் பற்றி முழுப் பட்டியலையும் சில கூறுகள் நீக்கப்பட்ட பட்டியலையும் தந்து பங்கிடச் செய்க. ‘பிற’ என்பதற்குக் கிடைத்த பங்குகளை ஒப்பிடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. 1440 நிமிடங்கள் என்பது எதன் மாறாத முழுமை?
அ) வாரம் ஆ) நாள் இ) மாதம் ஈ) பள்ளி நேரம்

2. 60, 40, 20 என்ற பங்குகளை நூறுக்கு உரியனவாகச் சுருக்கினால் முதல் கூறின் பங்கு
அ) 60 ஆ) 40 இ) 50 ஈ) 33.3

குறுவினா

1. வரிசைப்படுத்தும் வினாவால் அறிய இயலாதது எது?
2. வெற்றிடத்திற்கும் சுழிக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுக.

சிறுவினா

1. மகிழுந்து பற்றிய ஆய்வு ‘பிற’ என்ற கூறு குறித்து உணர்த்துவது யாது?
2. ‘ஈடுபட்டோர் சராசரி’, ‘எல்லாருக்குமான சராசரி’ ஆகியவற்றை நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின் வழி விளக்குக.

நெடுவினா

‘வினாவில் இடம்பெறாதவருக்கு விடையிலும் இடமில்லை’ என்னும் கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.